கார் ரேஸும் கறுப்பு வெள்ளை ரோல்களும்

கார் ரேஸ் என்ற வார்த்தையைப் பார்த்ததும், "இது நமக்கில்லை, வீட்டு ஆம்பளைங்க சமாசாரம்" என்று பக்கத்தைப் புரட்டிச் சமையல் குறிப்புக்குப் போய்விடாதீர்கள், சகோதரிகளே. இதிலும் ஒரு குறிப்பு இருக்கிறது. அதற்கு வேண்டியது ஒரு அகலமான பேசின், துணி மாட்டுகிற கிளிப்புகள், சுத்தமான தண்ணீர், கொஞ்சம் பொறுமை. அதைச் சொல்வதற்கு முன்னால் கதையைச் சொல்லிவிடுகிறேன். கதை தெரிந்தால்தான் குறிப்பின் அருமை தெரியும்.

நான் வாழ்க்கைப்பட்டு வந்த ஊர் செஞ்சிப் பக்கம் அனந்தபுரம். செஞ்சிக் கோட்டை ஐக்கிய நாடுகள் சபையின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் 2025 ஜூலையில் சேர்ந்ததிலிருந்து ராஜகிரி, கிருஷ்ணகிரி மலைகளைப் பார்க்க வருகிறவர்கள் ஜாஸ்தி. ஒவ்வொருவர் கையிலும் போன், ஒரே படம் பிடிக்கிற மயம்தான். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் பிறந்த வீட்டு ஞாபகம் வந்துவிடும். காரணம், நான் பிறந்தது ஒரு போட்டோ ஸ்டுடியோவில் என்றே சொல்லலாம்.

சென்னைக்கு வடக்கே செங்குன்றம். அரிசி மில்லுகளுக்குப் பேர் போன ஊர். அங்கே கடைவீதியில் அப்பாவுக்கு ஒரு சின்ன ஸ்டுடியோ. முன்னால் கடை, பின்னால் வீடு. பாஸ்போர்ட் படம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம் என்று வருஷம் முழுக்க வேலை இருக்கும். ஆனால் பொங்கல் முடிந்து வெயில் ஏற ஆரம்பிக்கிற சமயத்தில் ஒரு சனி, ஞாயிறு மட்டும் கடைக்கு லீவு. கல்யாண ஆர்டர் வந்தால்கூட, "வேற ஆளைப் பாருங்க" என்று சொல்லிவிடுவார். அந்த இரண்டு நாளும் சோழவரத்தில் ரேஸ்.

இந்தத் தலைமுறைப் பெண்களுக்குச் சோழவரம் என்றால் சென்னைக்குக் குடிதண்ணீர் கொடுக்கிற ஏரி மட்டும்தான் தெரியும். அந்த ஊரில் இரண்டாம் உலக யுத்தத்தின்போது போட்ட விமான ஓடுபாதை ஒன்று இருந்தது. யுத்தம் முடிந்தபின் விமானங்கள் போய்விட்டன. சிமெண்டுப் பாதை மட்டும் வெயில் காய்ந்துகொண்டு கிடந்தது. 1953-ல் ஆரம்பித்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த இடத்தில் வருஷா வருஷம் பந்தயம் நடத்தியது. கல்கத்தா, பம்பாய், கோயமுத்தூர், பெங்களூர் என்று எங்கெங்கிருந்தோ வண்டிகள் வரும். எண்பதுகளின் தொடக்கத்தில் என்சைன் என்கிற பழைய ஃபார்முலா ஒன் காரே அங்கே ஓடியது. அந்தக் காரின் சத்தத்தைப் பற்றி அப்பா சொல்ல ஆரம்பித்தால் சோறு ஆறிப்போகும்.

நான் முதன்முதலாகப் போனது 1986-ல். அப்போது எனக்கு 8 வயசு. டிவிஎஸ் 50-ல் அப்பாவுக்கு முன்னால் நின்றுகொண்டு போனேன். "பொம்பளைப் புள்ளையப் போயி ரேஸ் காட்டக் கூட்டிட்டுப் போறியே அண்ணா" என்று அத்தை குறைபட்டுக்கொண்டாள். அதற்கு அப்பா, "பார்க்கிற கண்ணுல ஆம்பளைக் கண்ணு பொம்பளைக் கண்ணுன்னு உண்டா என்ன?" என்று கேட்டுவிட்டு வண்டியை மிதித்தார். அம்மா தயிர்சாதமும் நார்த்தங்காயும் தூக்கில் கட்டிக் கொடுத்தாள். தலைக்கு ஒரு துண்டு, காதுக்குப் பஞ்சு. (இப்போது சின்னக் குழந்தைகளை இந்த மாதிரி இடங்களுக்குக் கூட்டிப்போகிற தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை: பஞ்சு போதாது. 85 டெசிபலுக்கு மேற்பட்ட சத்தத்தை நெடுநேரம் கேட்டால் காதின் உள் நரம்பு பழுதாகும், அது திரும்ப வராது. மருந்துக் கடையிலும் விளையாட்டுச் சாமான் கடையிலும் காதடைப்பான் கிடைக்கிறது. குழந்தைகளுக்குக் காதை முழுக்க மூடுகிற மாதிரியானது நல்லது.)

சோழவரத்தில் கூட்டமென்றால் அப்படி ஒரு கூட்டம். ரோடு போட்டிருக்கிற ஆஸ்தான ஸ்டேடியம் கிடையாது; பொட்டல் வெளிதான். வளைவுகளில் வைக்கோல் கட்டுகளை அடுக்கியிருப்பார்கள். வேர்க்கடலைக்காரர், ஐஸ்காரர், கோலி சோடா, மரக்கிளையில் தொங்குகிற காலேஜ் பையன்கள். காற்றில் ஒரு வாசனை வரும், எனக்கு அது ரொம்பத் தெரிந்த வாசனையாக இருக்கும். அப்பா சிரித்துக்கொண்டே, "உங்கம்மா உன் வாயில ஊத்துற விளக்கெண்ணெய்தான்" என்பார். வேடிக்கை இல்லை, நிஜம். சில பந்தய எஞ்சின்களுக்கு ஆமணக்கெண்ணெயில் செய்த மசகெண்ணெய் ஊற்றுவது அந்தக் காலத்து வழக்கம். அதிக சூட்டிலும் அது வழுவழுப்பை இழக்காதாம்.

அம்பாசிடர், பியட், மோட்டார் சைக்கிள் எல்லாம் ஓடும். எங்கள் இரண்டு பேருக்கும் உயிர், சக்கரம் வெளியே தெரிகிற அந்த ஒற்றை ஆள் கார்கள்தான். மட்கார்டு கிடையாது, கூரை கிடையாது, கதவு கிடையாது. சுருட்டு மாதிரி ஒரு உடம்பு, நாலு மூலையிலும் நாலு சக்கரம் துருத்திக்கொண்டு இருக்கும். நடுவில் ஒரு ஆள் கிட்டத்தட்டப் படுத்த வாக்கில் உட்கார்ந்திருப்பார். எடை குறைவு, அதனால் வேகம். ஆனால் பக்கத்துக் காரின் சக்கரமும் இதன் சக்கரமும் உரசிவிட்டால் வண்டி பம்பரமாகப் புரண்டுவிடும். "மத்தக் காரை எடுத்தா கார்தான் படத்துல விழும். இதுல ஓட்டுறவன் விழுவான்" என்பார் அப்பா. உண்மைதான். வளைவில் அவர் தலை எந்தப் பக்கம் சாய்கிறது, கை எப்படித் திரும்புகிறது, முன் சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று எல்லாமே வெளியே தெரியும். மூடி மறைக்க எதுவும் இல்லாத வண்டி.

அப்பாவிடம் இருந்தது யாஷிகா பெட்டிக் காமிரா. மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு கண்ணாடி. வயிற்றுக்கு நேரே பிடித்துக்கொண்டு மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். அதில் தெரிகிற உருவம் இடம் வலமாக மாறித் தெரியும். கல்யாணப் பெண்ணை நிற்க வைத்து எடுப்பதற்குச் சரி. இடப்பக்கமிருந்து சீறிக்கொண்டு வருகிற கார் கண்ணாடியில் வலப்பக்கமிருந்து வந்தால் கை எந்தப் பக்கம் திரும்பும்? அதனால் அப்பா மேல்மூடியை நிமிர்த்தி அதிலுள்ள சதுர ஓட்டை வழியாக நேரே பார்த்து எடுப்பார். ஒரு ரோலுக்கு 12 படம். ரோல் ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையில் செய்த 'இந்து' ரோல். அந்த ஆலையும் இன்று மூடியாகிவிட்டது. ஒரு ரேஸுக்கு இரண்டு ரோல் என்பது அப்பாவின் கணக்கு. ஸ்டுடியோ வருமானத்தில் அதற்கு மேல் கட்டுப்படியாகாது. ஆக, இரண்டு நாளைக்கு 24 படம். இப்போது என் பெண் ஒரு தோசையைச் சாப்பிடுவதற்குள் அத்தனை எடுத்துவிடுகிறாள்.

1988-ல் என் கையில் ஒரு காமிராவைக் கொடுத்தார். பரோடாவில் தயாரான ஆக்பா கிளிக் 3. அந்தக் காலத்தில் நடுத்தரக் குடும்பங்களில் பலரும் வைத்திருந்த கறுப்புப் பெட்டி. அதில் ஷட்டர் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஒரே வேகம், அதுவும் மந்தமான வேகம். அதைக் காரை நோக்கிப் பிடித்துச் சும்மா அமுக்கினால் சாம்பல் கலரில் ஒரு தீற்றல்தான் விழும். அதற்கு அப்பா சொல்லிக் கொடுத்த வித்தையை இன்றைக்கும் மறக்கவில்லை.

முதலில், கார் எந்த இடத்தில் வரும்போது படம் வேண்டுமோ அந்த இடத்துக்கு நேராகப் பாதங்களை ஊன்றி நிற்க வேண்டும். பிறகு பாதத்தை நகர்த்தாமல் இடுப்பை மட்டும் திருப்பி, தூரத்தில் வருகிற காரைக் கட்டத்துக்குள் பிடித்துக்கொள்ள வேண்டும். அது வர வர, அதே வேகத்தில் உடம்பும் கூடவே திரும்ப வேண்டும். குறித்த இடம் வந்ததும் விரல் மெதுவாக அமுக்க வேண்டும். முக்கியமானது இதற்கு அப்புறம்தான். அமுக்கியவுடன் நிற்கக் கூடாது, காரோடு சேர்ந்து இன்னும் கொஞ்ச தூரம் திரும்பிக்கொண்டே போக வேண்டும். "கோலத்துல இழை இழுக்கும்போது புள்ளி வந்திருச்சேன்னு கையை நிறுத்துவியா? நிறுத்தினா அந்த இடத்துல மாவு கொட்டிப்போகும் இல்ல? அது மாதிரிதான்" என்றார். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. நம் பெண்கள் யாருக்குமே இது புரியும். அப்படி எடுத்தால் கார் அசையாமல் தெளிவாக விழும். பின்னாலுள்ள கூட்டமும் மரமும் கோடு கோடாக ஓடும். வேகத்தைப் படத்தில் காட்டுவது அந்தக் கோடுகள்தான்.

அன்றைக்கு 12 படத்தில் மூன்றில் கார் நன்றாக விழுந்தது. பத்து வயசுப் பிள்ளைக்கு அது பெரிய காரியம் என்று அப்பா ஊர் பூராச் சொன்னார். கடைசிப் படத்தில் கார் இல்லை. அதில் இருப்பது அப்பா. பெட்டிக் காமிராவை முகத்தோடு ஒட்டிக்கொண்டு, தலையில் கட்டிய துண்டின் நுனி காற்றில் பறக்க, ஒரு காலைத் தூக்கினாற்போல் திரும்பி நிற்கிறார். ஊர் முழுக்கப் படம் எடுத்தவருக்கு அவர் வேலை செய்கிற படம் என்று இருப்பது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் ஓட்டர் அடையாள அட்டையில் முறைக்கிற படம்.

இனி அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா ஒரு ரேஸுக்குக்கூட வந்தது கிடையாது. "அந்த வெயிலும் அந்தக் கத்தலும் எனக்கு ஆகாது" என்பாள். ஆனால் நாங்கள் எடுத்த ஒவ்வொரு காரும் அம்மா கையில் குளித்துத்தான் வந்தது. எங்கள் வீட்டுக் குளியலறைதான் இருட்டறை. சிவப்பு பல்பு, மூன்று தட்டு, ஹைப்போ நெடி. மருந்துக் கலவையில் ரோலை எடுப்பது அப்பா. அதற்குப் பிறகு அலசுவது அம்மா. ரோலில் மருந்து ஒரு துளி தங்கினாலும் பத்து வருஷத்தில் படம் மஞ்சள் பூத்துப் போகும். அதனால் தண்ணீர் மாற்றி மாற்றி, அரை மணி நேரம் அலசுவாள். "பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டற மாதிரி ஓரத்தைத்தான் பிடிக்கணும். நடுவுல விரல் பட்டா தோல் வழண்டுடும்" என்பாள். பிறகு கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவாள். கீழ் நுனியிலும் ஒரு கிளிப், சுருண்டுகொள்ளாமல் இருக்க. தம்பியின் நிஜாருக்குப் பக்கத்தில் ரேஸ் கார்கள் தொங்கும்.

வேடிக்கை பார்க்கப் போனவர் எடுத்த படத்துக்கு என்ன மதிப்பு என்று நீங்கள் கேட்கலாம். என் பெண் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். 1910-களின் தொடக்கத்தில், பிரான்சில் நடந்த கார் பந்தயம் ஒன்றில் லார்த்திக் என்ற இளைஞர் எடுத்தது. அப்போது அவர் 20 வயசுகூட நிரம்பாதவர். பத்திரிகைக்காரர் இல்லை, வெறும் பார்வையாளர். அந்தக் காலத்துக் காமிராவில் திரைக்கு நடுவிலிருக்கிற பிளவு மெதுவாக நகரும். அது நகர்வதற்குள் கார் ஓடிவிட்டதால் சக்கரம் வட்டமாக இல்லாமல் முட்டை மாதிரி முன்பக்கம் சாய்ந்து விழுந்தது. பின்னால் நின்ற ஜனங்களோ எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டார்கள். படம் சரியாக வரவில்லை என்று ஒதுக்கி வைத்திருந்தாராம். 1963-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவர் படங்களைக் கண்காட்சியாக வைத்தது. அதற்கப்புறம் வேகம் என்றாலே அந்தப் படத்தைக் காட்டுகிற அளவுக்கு உலகப் பிரசித்தி. ஐம்பது வருஷம் அது வீட்டில் பத்திரமாக இருந்ததால்தானே கிடைத்தது? யார் துடைத்து எடுத்து வைத்தார்களோ, அந்தப் பேர் வெளியே வரவில்லை.

சோழவரத்து ரேஸ் எண்பதுகளோடு முடிந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே புதிய தடம் கட்டி, 1990-ல் அங்கே மாறிவிட்டார்கள். வளைந்து வளைந்து 3.7 கிலோமீட்டர் நீளம். அங்கே நான் அப்பாவுடன் போனது 1994 முதல் 1998 வரை, பள்ளிக்கூட நாட்களிலும் அதை முடித்த பின்பும். அப்போது ஓடியவை பெரும்பாலும் நம் ஊரில் செய்த ஒற்றை ஆள் கார்கள். கோயமுத்தூர் எஸ். கரிவரதன் என்பவர், நாம் தெருவில் பார்க்கிற மாருதி 800 காரின் மூன்று சிலிண்டர் எஞ்சினை வைத்துப் பந்தயக் கார் கட்டினார். பணக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்தால்தான் ரேஸ் என்றிருந்ததை மாற்றி, இங்குள்ள பையன்களும் ஓட்டிப் பழக வழி செய்தவர் அவர். 1995-ல் சிறிய விமான விபத்தில் காலமானார். நம் நாட்டிலிருந்து முதன்முதலாக ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய நரேன் கார்த்திகேயன் முதலில் போட்டியிட்டது அந்த மாருதி எஞ்சின் காரில், இதே தடத்தில்தான். 2005-ல் அவர் ஃபார்முலா ஒன்னில் ஓட்டினார் என்று டி.வி.யில் பார்த்தபோது, கையில் குழந்தையும் அடுப்பில் குழம்புமாக நின்றுகொண்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இருங்காட்டுக்கோட்டையில் நான் பிடித்தது அப்பாவின் பென்டாக்ஸ் கே1000. எல்லாம் கையால் திருப்பி வைக்க வேண்டிய காமிரா, ரோலுக்கு 36 படம். ஜனங்களுக்கும் தடத்துக்கும் நடுவே கம்பி வலை உண்டு. லென்ஸை வலையை ஒட்டி வைத்து, வெளிச்சம் நுழைகிற துவாரத்தை அகலத் திறந்தால் கம்பி படத்தில் மறைந்துவிடும். முதல் வளைவை அங்கே சி1 என்பார்கள். நேர் ரோட்டில் முழு வேகத்தில் வருகிற கார் அங்கே கியரைக் குறைக்கும்போது எஞ்சின் குரல் படிப்படியாக இறங்கும். கண்ணால் பார்ப்பதற்கு முன் காது சொல்லிவிடும். ரோட்டில் ஒரு தார்க்கறையை அடையாளம் வைத்துக்கொண்டு முன்கூட்டியே அதன்மேல் போகஸ் செய்துவிட்டுக் காத்திருப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் நின்ற பெரியவர், "என்னம்மா, உங்க அண்ணன் ஓட்டுறாரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பின்னே யாரு ஓட்டுறாங்க?" "யாரும் இல்லீங்க. நான் படம் எடுக்க வந்தேன்." அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா பெருமையாகத் தலையை ஆட்டினார். பெண்கள் அங்கே விரல் விட்டு எண்ணுகிற அளவுதான் இருப்பார்கள், அவர்களும் ஓட்டுகிறவர்களின் வீட்டுப் பெண்கள். சென்னைப் பெண் அலிஷா அப்துல்லா பைக்கும் காரும் ஓட்டிப் பேர் வாங்கியது பின்னால் வந்த கதை.

1999-ல் கல்யாணம். அனந்தபுரத்தில் நிலம், மாடு, கூட்டுக் குடும்பம். காமிராவைத் தூக்கிக்கொண்டு ரேஸுக்குப் போகிற பேச்சே இல்லை, அதற்காக நான் வருத்தப்பட்டு உட்காரவும் இல்லை. டிஜிட்டல் வந்ததும் ஸ்டுடியோவை மூடினார்கள். 2009-ல் அப்பா காலமானார். காரியம் முடிந்து கிளம்பும்போது அம்மா ஒரு தகரப் பெட்டியைக் கொடுத்தாள். உள்ளே ரேஸ் ரோல்கள் எல்லாம் துண்டு துண்டாக வெட்டி, வெள்ளைத் தாள் உறையில், அப்பாவின் கையெழுத்தில் வருஷம் போட்டு இருந்தன. அதைப் பின்கட்டு அறையில், என் சீர்ப் பாத்திரங்களோடு வைத்திருந்தேன்.

2024 நவம்பர் 30-ம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை ஏறியது. ஏறினதும் போய்விடாமல் அங்கேயே நின்றுகொண்டு கொட்டித் தீர்த்தது. எங்கள் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. எங்கள் தலைமுறையில் அப்படி ஒரு மழையைப் பார்த்ததில்லை. விடியற்காலம் பின்கட்டில் முழங்கால் தண்ணீர். கரண்ட் இல்லை. என் வீட்டுக்காரரும் பையனும் சாப்பாட்டு நெல் மூட்டைகளைத் திண்ணைக்குத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். நான் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு முதலில் தூக்கியது தகரப் பெட்டியை.

"நெல்லு மூட்டை நனையுது, நீ என்னமோ பிலிமைத் தூக்கிட்டு ஓடுறியே" என்றார் அத்தை. என் மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவேன். அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. நெல் ஒரு வருஷத்துச் சோறு. "நெல்லைத் தூக்க ரெண்டு ஆம்பளைங்க இருக்காங்க அத்தை. இதைத் தூக்க நான் ஒருத்திதான்" என்றேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பெட்டியைத் திறந்தால் பாதி வரை சேற்றுத் தண்ணீர். தாள் உறைகள் கூழாகி நெகடிவ்களோடு ஒட்டியிருந்தன. பக்கத்து வீட்டுப் பையன் போனில் சார்ஜ் இருந்தது. சாயங்காலம் சிக்னல் கிடைத்ததும் செங்குன்றத்துக்கு அம்மாவைக் கூப்பிட்டேன். எல்லாரும் உயிரோடு நன்றாக இருக்கிறோம் என்று சொன்னபிறகு, "அம்மா, அப்பாவோட ரோல் நனைஞ்சுபோச்சு" என்றேன்.

"காய விட்டுட்டியா?"

"இல்லம்மா. பேசின்ல நல்ல தண்ணியிலேயே போட்டு வெச்சிருக்கேன்."

"அப்பாடா. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் காஞ்சுதுன்னா பிரிக்கவே வராது. பிடிச்சு இழுக்காதே. ஊற ஊறத் தானே விடும். தண்ணியை மாத்திக்கிட்டே இரு. வெந்நீர் வேணாம், தோல் கழண்டு வந்துரும்."

அன்று ராத்திரி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், வாங்கி வைத்திருந்த கேன் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அலசினேன். குடிக்கிற தண்ணீரை இதற்கு விடுகிறோமே என்று மனசு அடித்துக்கொண்டது. விடிந்ததும் மழை விட்டது. கூடத்தில் கொடி கட்டினோம். கிளிப் எடுத்துக் கொடுக்க யாரோ பக்கத்தில் வந்து நிற்பது தெரிந்து திரும்பினேன். அத்தை. ஒன்றைக் கையில் வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது என்ன, வெட்டுக்கிளி மாதிரி இருக்கு?" என்றார். கார் என்றேன். "இதுக்குள்ளயா மனுசன் உக்காந்துக்கிட்டுப் போறான்?" என்று கேட்டுவிட்டு, அடுத்த கிளிப்பை எடுத்து நீட்டினார். மத்தியானம் வரைக்கும் அங்கிருந்து நகரவில்லை.

எல்லாம் பிழைத்தது என்று சொல்ல ஆசைதான். பிழைக்கவில்லை. அப்பா 1986-ல் எடுத்த சோழவரத்து ரோல் இரண்டும் போய்விட்டன. மேலே பூசியிருக்கிற படலம் தயிர் ஆடை மாதிரி வழுக்கிக்கொண்டு போய், கையில் வெறும் பிளாஸ்டிக் மிஞ்சியது. நான் முதன்முதலில் பார்த்த ரேஸ் அது. இனி அது யாரிடமும் இருக்கப் போவதில்லை, ஏனென்றால் அந்த வளைவில் அந்த நொடியில் நின்றவர் அப்பா ஒருவர்தான். இருங்காட்டுக்கோட்டை ரோல்களில் முக்கால்வாசி தப்பின. நான் கிளிக் 3-ல் எடுத்த ரோல் பெட்டியின் மேல்தட்டில் இருந்ததால் ஓரத்தில் மட்டும் கறை. அப்பா திரும்பி நிற்கிற படம் இருக்கிறது. துண்டின் நுனியில் ஒரு பழுப்புத் தீற்றல் விழுந்துவிட்டது, அவ்வளவுதான்.

2024 ஆகஸ்டு கடைசியிலும் செப்டம்பர் முதல் தேதியிலும் சென்னையில் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில் விளக்குப் போட்டு ஃபார்முலா 4 ரேஸ் நடத்தினார்கள். சக்கரம் வெளியே தெரிகிற அதே ஜாதிக் கார்கள். என் பெண்ணின் சிநேகிதிகள் போய் நூற்றுக்கணக்கில் படம் எடுத்து வந்தார்கள். "அதையெல்லாம் எங்கே எடுத்து வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். "போன்லதான் ஆன்ட்டி" என்றார்கள். அதில் ஒரு பெண்ணின் போன் இதே மழைத் தண்ணீரில் விழுந்து போயேவிட்டது.

ஆகவே, முதலில் சொன்ன குறிப்பு இதோ. வெள்ளம் வந்தபிறகு தேட வேண்டாம், இப்போதே கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நெகடிவோ போட்டோவோ நனைந்துவிட்டால் அப்படியே காய விடாதீர்கள். குளிர்ந்த சுத்தமான தண்ணீரில் போட்டு வையுங்கள். ஒட்டியிருந்தால் இழுக்காமல் ஊறவிட்டுப் பிரியுங்கள். இரண்டு நாளுக்குள் வேலையை முடித்துவிட வேண்டும். அதற்கு மேல் ஊறினால் படலம் கரையும், பூஞ்சையும் பிடிக்கும்.

ஓரத்தை மட்டும் பிடியுங்கள். துணியால் துடைப்பது, விரலால் தேய்ப்பது இரண்டும் கூடாது. சேறு போக மென்மையாகத் தண்ணீரில் ஆட்டினாலே போதும்.

தூசி வராத அறையில் மேலும் கீழும் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். வெயில், தலைமுடி காய வைக்கிற மெஷின், இஸ்திரிப் பெட்டி எதுவும் கிட்டே வரக் கூடாது. போட்டோவானால் படம் மேலே பார்க்கும்படி சுத்தமான துணி மேல் பரப்புங்கள்.

காய்ந்தபின் தனித்தனித் தாள் உறையில் போட்டு, உயரமான, ஈரம் தாக்காத இடத்தில் வையுங்கள். மருந்துப் பாட்டிலில் வருகிற சிலிக்கா பொட்டலங்களைத் தூக்கி எறியாமல் பெட்டியில் போடலாம்.

நெகடிவைப் போனிலேயே படமாக மாற்றலாம். இன்னொரு போனில் வெறும் வெள்ளைத் திரையை வைத்து, அதற்குச் சற்று மேலே நெகடிவைப் பிடித்துப் படம் எடுத்து, நிறத்தைத் தலைகீழாக மாற்றும் வசதியைத் தட்டினால் போதும். என் பெண் அப்படித்தான் 200-க்கு மேல் எடுத்தாள். எடுத்ததை ஒரே போனில் வைக்காமல் வேறொரு ஊரிலிருக்கிற உறவினருக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். எங்கள் பிரதி செங்குன்றத்தில் தம்பியிடம் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. பழைய போட்டோவின் பின்பக்கம் பென்சிலால் பேரும் வருஷமும் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறும். பேர் தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது அந்தத் தகரப் பெட்டி பின்கட்டில் இல்லை. அத்தையே பரணில் இடம் ஒழித்து, விதைநெல் வைத்திருக்கிற குதிருக்குப் பக்கத்தில் ஏற்றச் சொல்லிவிட்டார். மழைக்காலம் ஆரம்பிக்கும்போது, "விதையும் பொட்டியும் நனையாம இருக்கான்னு ஏறிப் பாரு" என்று பேரனை விரட்டுகிறார்.